ராஜராஜன் காசு: அச்சு வெட்டியதும் அடித்ததும்

ராஜராஜன் காசின் நகலை நானே அச்சு வெட்டி அடித்துப் பார்த்துவந்ததில், மூன்று வரி எழுத்தும் முழுதாக எழும்பிய செப்புக்காசு ஒன்று ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. எடை 3.58 கிராம். குறுக்களவு ஒரு வாக்கில் 17.5 மி.மீ., இன்னொரு வாக்கில் 18.5 மி.மீ. விளிம்பில் ஓரிடத்தில் சிறு வெடிப்பு இருக்கிறது. நிற்கும் உருவத்தின் தலை விளிம்பை ஒட்டிப் போய்விட்டது. ஆனால் மறுபக்கத்தில், அமர்ந்த உருவத்தின் இடக்கைக்குக் கீழே ‘ஸ்ரீ’, ‘ராஜ’, ‘ராஜ’ என்ற நாகரி எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினாலும் தெரியும்படி நிற்கின்றன. இதற்கு முன் அடித்தவற்றில் மேல்வரி வந்தால் கீழ்வரி மழுங்கிப்போகும்; இரண்டும் வந்தால் உருவத்தின் உடல் இருக்க வேண்டிய இடம் வெறும் செம்பாகத் தங்கிவிடும். எது தடுத்துக்கொண்டிருந்தது, எது சரிசெய்தது என்பதைக் கை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலாம் ராஜராஜன் (985–1014) செப்புக்காசைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம், ஒப்பிட்டுப் பார்க்க அசல்கள் ஏராளமாக இருப்பதுதான். அருங்காட்சியகங்களில் பார்க்கலாம், நாணயவியல் நூல்களில் படங்கள் கிடைக்கும். பெரும்பாலும் 3.5 கிராமுக்கும் 4.5 கிராமுக்கும் இடையே நிற்கும் எடை. ஒரு பக்கம் நிற்கும் உருவம், அதன் அருகே பிறை, பிறைக்குக் கீழே அடுக்கிய உருண்டைகள். மறுபக்கம் அமர்ந்த உருவமும் பெயரும். இதே அமைப்பில் இலங்கையின் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட பராக்கிரமபாகுவும் லீலாவதியும் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தங்கள் பெயரில் காசு வெளியிட்டார்கள். அவ்வளவு காலம் நிலைத்த வடிவம் அது.

அந்த உருவங்களைப் பார்த்துவிட்டுக் குழந்தை வரைந்ததுபோல இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. கல்லிலும் வெண்கலத்திலும் உடலின் நெளிவை அவ்வளவு நுணுக்கமாக வடித்த காலத்தில், காசில் மட்டும் ஏன் இப்படிக் கோடும் புள்ளியுமாக விட்டார்கள் என்ற கேள்வி எனக்கும் நெடுநாளாக இருந்தது. அச்சு வெட்ட உட்கார்ந்தபோது அதற்கு ஒரு விடை கிடைத்தது. அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் வேலை தொடங்குமுன்பே முடிவு செய்துகொண்டேன். நூறாண்டைக் கடந்த காசு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். என் நகல் எந்தக் காலத்திலும் அசலோடு கலந்துவிடக் கூடாது. அடித்த பிறகு குறியிடலாம் என்று வைத்தால் ஒன்றிரண்டு விடுபடும். எனவே அமர்ந்த உருவத்தின் முழங்காலுக்குக் கீழே 1.5 மி.மீ. உயரத்தில் ‘ந’ என்ற எழுத்தை அச்சிலேயே வெட்டிவிட்டேன். அச்சிலிருந்து வரும் எதுவும் அந்த எழுத்தோடுதான் வரும். செம்புக்காக நாணயம் எதையும் உருக்கவும் இல்லை. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் அதைத் தடுக்கிறது. தகடாகவே வாங்கிக்கொண்டேன்.

கட்டையில் நிற்கும் கீழச்சு, கையால் பிடித்து அடிக்கும் மேலச்சு என்று அச்சு இரண்டு; நடுவே செம்பை வைத்து அடித்தால் காசு. இரண்டுக்கும் ஈஎன்31 உருக்கு. பேரிங் செய்யும் வகை. இரும்புக் கடையில் உருண்டைக் கம்பியாக, வெட்டுவதற்கு ஏற்ற மென்மையான நிலையில் கிடைக்கும். 32 மி.மீ. கம்பியில் கீழச்சுக்கு 60 மி.மீ., மேலச்சுக்கு 75 மி.மீ. நீளம் அறுத்து, லேத்தில் முகத்தைச் சமமாக்கி வாங்கினேன். லேத் விட்டுப்போன வட்டக் கீறல்கள் அப்படியே காசில் விழும் என்பதால், கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து 220, 400, 800 என்று படிப்படியாகத் தேய்த்தேன்.

எந்தப் பக்கம் கீழே, எந்தப் பக்கம் மேலே என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சுத்தியலின் அடியை நேராக வாங்குவது மேலச்சு. தேய்வதும் உடைவதும் முதலில் அதுதான். இடைக்கால இங்கிலாந்தின் காசு அடிக்கும் அக்கசாலைகளுக்கு ஒரு கீழச்சுக்கு இரண்டு மேலச்சு என்ற கணக்கில் வழங்கும் வழக்கமே இருந்தது. எழுத்து இருக்கும் பக்கத்தைத் திரும்ப வெட்டுவது கடினம் என்பதால் அதைக் கீழே வைத்தேன். நிற்கும் உருவம் மேலச்சுக்குப் போயிற்று. இந்த முடிவு பின்னால் என்னைக் காப்பாற்றியது.

காசின் படத்தை 17 மி.மீ. வட்டத்துக்குச் சுருக்கி, டிரேசிங் தாளில் படியெடுத்து, தாளைத் திருப்பிப்போட்டு முகத்தில் ஒட்டி, ஊசிமுனையால் புள்ளிபுள்ளியாகக் குத்தினேன். அச்சில் எல்லாம் இடவலம் மாறி இருக்க வேண்டும். தாளைத் திருப்பினால் அது தானாகவே நடந்துவிடுகிறது. மனத்தில் திருப்பி வரையத் தேவையில்லை.

அடுத்தது குத்துளிகள், அதாவது அச்சின் முகத்தில் கோடும் புள்ளியும் குத்தி இறக்கும் சிறு உளிகள். கடையில் பஞ்ச் என்று கேட்டால் எழுத்துப் பெட்டிதான் தருவார்கள். இந்த வேலைக்கு அது ஆகாது. 4 மி.மீ. சில்வர் ஸ்டீல் (பெயரில் மட்டும் வெள்ளி, உருக்குதான்) கம்பியைத் துண்டு போட்டு, முனையை அரத்தால் வடிவமாக்கி நானே செய்துகொண்டேன். 1.5 மி.மீ., 3 மி.மீ. நேர்க்கோடு இரண்டு, சிறிதும் பெரிதுமாகப் பிறை இரண்டு, 1.2 மி.மீ. உருண்டை ஒன்று, வளையம் ஒன்று. இவை போதும். வளையம்தான் பாடுபடுத்தும். முனையில் நடுவே சிறு குழி இட்டு, அதைச் சுற்றி வெளிவிளிம்பைச் சாய்வாக அராவ வேண்டும். குழி மையம் தவறினால் வளையம் ஒரு பக்கம் தடித்து விழும். முனைகளைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்து, பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடேற்றினேன்.

வெட்டும் வேலையில் புத்தகம் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. குத்துளி உருக்கை வெளியே எடுப்பதில்லை, ஒதுக்கித் தள்ளுகிறது. 3 மி.மீ. கோட்டை ஓங்கி அடித்தால் பள்ளத்தின் இருபுறமும் மெல்லிய வரப்பு எழும்பும். நகத்தை ஓட்டினால் தட்டும். அதை எண்ணெய்க்கல்லில் தேய்த்துச் சமமாக்கினால் பள்ளம் கொஞ்சம் ஆழம் குறைந்ததாகத் தெரியும். திரும்பக் குத்துளியை அதே பள்ளத்தில் அமர்த்தி அடிக்க வேண்டும். அமர்த்தும்போது ‘டக்’ என்று விரலுக்கு ஓர் உணர்வு வரும். அது வராமல் அடித்தால் இரட்டைக் கோடு.

அதைவிட முக்கியம் வரிசை. ‘ரா’வுக்குப் பக்கத்தில் ‘ஜ’ வருகிறது; இரண்டின் நேர்க்கோடுகளுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. முதலில் ‘ரா’வை முடித்துவிட்டுப் பிறகு ‘ஜ’வின் கோட்டை அடித்தால், தள்ளப்பட்ட உருக்கு ‘ரா’வின் பள்ளத்தைப் பக்கவாட்டில் நெருக்கி மூடிவிடுகிறது. எழுத்தை எழுத்தாக வெட்டக் கூடாது. மூன்று வரியிலும் உள்ள நேர்க்கோடுகள் எல்லாவற்றையும் முதலில் அரை ஆழத்துக்கு இறக்கி, பிறகு பிறைகள், பிறகு புள்ளிகள், கடைசியில் எல்லாவற்றையும் இன்னொரு சுற்று. இப்படி மாற்றிக்கொண்ட பிறகு எழுத்துகள் ஒன்றையொன்று தின்னவில்லை. அவ்வப்போது முகத்தில் எண்ணெய் தொட்டு, களிமண் உருண்டையை அழுத்திப் பார்த்துக்கொண்டால் காசில் எப்படி வரும் என்பது உடனே தெரியும்.

இங்கேதான் அந்தக் கேள்விக்கு விடை வந்தது. உருண்டு திரண்ட ஒரு தொடையை உருக்கில் குடைந்து எடுக்க ஒரு பொழுது முழுதும் போகும். நேர்க்கோட்டுக் குத்துளியைச் சாய்த்து அடித்தால் தொடை. பிறையை வைத்து அடித்தால் முழங்கால் மடிப்பு. உருண்டையை அடித்தால் தோள், மணிக்கட்டு, நகை. சில நிமிடங்களில் ஓர் உடல் நிற்கிறது. அச்சு தேயும், உடையும், உடனே இன்னொன்று வேண்டும், அதுவும் முந்தையதைப் போலவே இருக்க வேண்டும். அந்த நெருக்கடியில் வேலை செய்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது என்றே நினைக்கிறேன். இந்தக் காசுகளைத் திறமைக் குறைவு என்று சொல்வதை இனி என்னால் ஏற்க முடியாது. ஆறு குத்துளிகளுக்குள் ஒரு மன்னனை அடக்கியதில் பெரிய திறமை இருக்கிறது.

ஆழத்தில் முதலில் தடுமாறினேன். காசு நன்றாக மேடாக வரவேண்டும் என்ற ஆசையில் உடல் பகுதியை 0.8 மி.மீ. வரை இறக்கிவிட்டேன். செம்பு அந்தப் பள்ளத்தின் அடிவரை ஏறவே இல்லை. முகத்தை உப்புத்தாளில் தேய்த்து ஆழத்தை 0.45 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன், எழுத்துகள் 0.3 மி.மீ. மெழுகில் ஒற்றி எடுத்து வெர்னியரால் அளந்த கணக்கு இது. கையடிக்கு இதற்குமேல் ஆழம் வேண்டாம்.

பிறகு தோய்ச்சல், அதாவது சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று ஆற்றி அச்சைக் கெட்டியாக்குவது. கரி அடுப்பு, சிறிய காற்றூதி. சூட்டில் முகம் செதில் விடாமல் இருக்கச் சலவை சோப்பைத் தடிப்பாகத் தேய்த்துக் காயவிட்டேன். காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டைத் தாண்டி இன்னும் சற்று மேலே, ஏறக்குறைய 820 டிகிரிக்கு வந்ததும், 50 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருந்த கடலை எண்ணெயில் நேர்குத்தாக இறக்கி, மேலும் கீழுமாக அசைத்தேன். எண்ணெய் தீப்பிடிக்கும், தகர மூடி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், நீர் அருகே இருக்கக் கூடாது. பலகாரக் கடையில் கழித்த எண்ணெய் நான்கு லிட்டர் போதுமானதாக இருந்தது.

முதல் மேலச்சை முழுதாகச் சிவக்க வைத்து, தலை முதல் கால் வரை கெட்டியாக்கி, பதம் தணிக்காமலே (மெல்லச் சூடேற்றிக் கெட்டித்தன்மையைச் சற்றுக் குறைக்காமலே) அடிக்கப் போனதில் அது உச்சியிலிருந்து பிளந்தது. ஒரு சில்லு தெறித்துச் சுவரில் பட்டது. கண்ணாடி அணிந்திருந்தேன். கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் உடைந்த துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, “முகம் மட்டும் கெட்டியாக இருந்தால் போதும் தம்பி. அடி வாங்குகிற பக்கம் கெட்டியாக இருந்தால் தெறிக்கத்தான் செய்யும்” என்றார். “கீழச்சு அப்படியே இருக்கட்டுமா ஐயா?” என்று கேட்டதற்கு, அதையும் பதம் தணிக்காமல் வைக்காதே என்றார்.

புதிய மேலச்சில் முகத்திலிருந்து 20 மி.மீ. மட்டுமே நெருப்பில் பட்டது. மேல்பகுதியை வெளியே பிடித்துக்கொண்டேன். தோய்த்த பிறகு அரம் முகத்தில் வழுக்கியது, உச்சியில் கடித்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். பிறகு இரண்டு அச்சுகளையும் பக்கவாட்டில் பளபளப்பாக்கி, இரும்புச் சட்டியில் மணல் பரப்பி அதில் நிறுத்தி மெல்லச் சூடேற்றினேன். வெளிர் மஞ்சள் படர்ந்து, வைக்கோல் நிறம் ஆழ்ந்து பழுப்பைத் தொடும் நேரத்தில் எடுத்துவிட்டேன். ஏறக்குறைய 240 டிகிரி. கொஞ்சம் கெட்டித்தன்மை போகும். போகட்டும், செம்பை அடிக்க அது போதும். அந்த அச்சு இன்னமும் உழைக்கிறது.

அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிக்கும் செம்பு வில்லையைச் செய்வதை நான் சாதாரணமாக எண்ணியிருந்தேன். 2 மி.மீ. செப்புத் தகட்டில் 15 மி.மீ. சதுரம் வெட்டினால் 4 கிராம். மூலைகளைக் கத்தரித்தால் 3.6 கிராமுக்கு வந்துவிடும். அவற்றை அடுக்கி, குறட்டில் பிடித்து, உருட்டி உருட்டி விளிம்பைத் தட்டினால் ஓரளவு வட்டம். கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் இந்தத் தட்டையான வில்லைகளில்தான் உருவத்தின் உடல் வராமல் போனது. 1 கிலோ சுத்தியலை விட்டு 2 கிலோ எடுத்தேன். காசு அகலமாயிற்று, உடல் வரவில்லை. விளிம்பு வெடித்தது, உடல் வரவில்லை. சுத்தியலின் எடையைக் கூட்டுவது இதற்கு வழியே அல்ல.

தடை இரண்டு இடத்தில் இருந்தது. விளிம்பைத் தட்டி வட்டமாக்கும்போதே செம்பு இறுகிவிடுகிறது; இறுகிய வில்லையை அச்சுக்கு நடுவே வைத்தால் அது பள்ளத்துக்குள் ஏறாது. மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி இளக்க வேண்டும். செம்பை நீரில் போட்டு ஆற்றினாலும் உருக்கைப் போல இறுகாது என்பது வசதி. கறுத்த படலம் போக, கரைத்த புளியில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினால் இளஞ்சிவப்பாகப் பளிச்சென்று வரும். அந்தப் படலத்தோடு அடித்தால் அது காசுக்குள் கறுப்புச் செதிலாகப் பதிந்துவிடும். பிறகு எடுக்கவே முடியாது.

இரண்டாவது தடை வடிவம். தட்டை வில்லையில் அடி முழுப் பரப்பிலும் பரவி, நடுவில் எங்கும் அழுத்தம் குவிவதில்லை. வில்லையின் ஓரத்தை மட்டும் சுற்றிவரத் தட்டி 1.4 மி.மீ.க்கு மெலியவைத்து, நடுவை 2 மி.மீ. கனத்திலேயே விட்டேன். நடு சற்றே புடைத்த அந்த வில்லையை மறுபடி காய்ச்சி இளக்கி வைத்து அடித்தபோது, முதல் அடியிலேயே உடல் ஏறிவிட்டது. அடி முதலில் நடுவில் விழுந்து, ஆழமான பள்ளத்தை நிரப்பி, பிறகுதான் ஓரத்துக்குப் பரவுகிறது. இதே சுத்தியல், இதே கை. மாறியது வில்லை மட்டுமே.

அடிக்கும் அமைப்பு எளிது. கறிக்கடையில் பயன்படுத்தும் வகைப் புளியமரக் கட்டை. நடுவில் 40 மி.மீ. ஆழத்துக்குத் துளை, கீழச்சு 20 மி.மீ. வெளியே தெரியும்படி இறங்கி நிற்கும். முதலில் அச்சை நேரே மரத்தில் நிறுத்தியிருந்தேன். அடிக்கு அடி அது உள்ளே இறங்கியது. அடியின் பாதியை மரமே வாங்கிக்கொண்டது. துளையின் அடியில் 10 மி.மீ. இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டிப் போட்ட பிறகு ஓசையே மாறிவிட்டது. மந்தமான ஒலி போய்க் கணீரென்று கேட்டது. கட்டையை மேசைமேல் வைக்காமல் தரையில் வைப்பதே நல்லது.

தனியாகவும் அடிக்கலாம். ஆனால் ஒருவர் பிடிக்க, ஒருவர் அடிக்க என்று இருந்தால் காசு வேறாக வருகிறது. நான் மேலச்சைத் தடித்த தோல் பட்டையால் சுற்றி இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க, என் தம்பி 2 கிலோ சுத்தியலை இறக்கினான். முதல் அடி ஓங்கி விழ வேண்டும். தயங்கிய அடி விழுந்தால் அச்சு துள்ளிச் சற்றே திரும்பி உட்காரும். அடுத்த அடியில் உருவம் இரட்டை. இரண்டாம் அடிக்கு முன் அச்சைத் தூக்கவே கூடாது. இரண்டு அடியிலும் வராத காசை எடுத்துக் காய்ச்சி மறுபடி அடிக்கலாம். கீழச்சில் வைத்து மெல்லத் திருப்பினால் எழுத்துகள் தம் பள்ளத்தில் தாமே விழுந்து உட்காரும். மேல்பக்கத்துக்கு அந்த வசதி இல்லை. மறுபடி அடித்தவற்றில் நிற்கும் உருவத்துக்குப் பெரும்பாலும் நான்கு கால் வந்துவிடுகிறது.

வில்லையைச் சுற்றி வளையம் போட்டு அடித்தால் விளிம்பு சீராக வரும், உருவமும் மையத்தில் விழும். வேண்டுமென்றே போடவில்லை. அசல்களில் பல மையம் விலகியவை, விளிம்பு வெடித்தவை. அந்த வெடிப்பு அடியின் சாட்சி. அதை அழித்துவிட்டு நகல் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

செலவுக் கணக்கு: உருக்குக் கம்பியும் லேத் கூலியும் 450 ரூபாய், உடைந்த அச்சுக்குப் பதில் வெட்டியதையும் சேர்த்து. குத்துளிக் கம்பி 300. செப்புத் தகடு 600. புளியமரக் கட்டை 600. இரும்புத் தகடு 200. சுத்தியல் 500. எண்ணெய்க்கல் 250. கரி, எண்ணெய், உப்புத்தாள் எல்லாம் 350. ஆக 3,250 ரூபாய். செம்பு விலையாகப் பார்த்தால் ஒரு காசில் இருப்பது நான்கு ரூபாய் அளவுதான். கெட்டுப்போன காசுகளையும் கத்தரித்த மூலைகளையும் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றுக்கு வேலை இருக்கிறது.

அடுத்த முறை தகட்டை விட்டுவிடப் போகிறேன். அந்தத் துண்டுகளை 3.6 கிராமாக நிறுத்து, கரிக்குழியில் வெண்காரம் தூவி உருக்கினால் செம்பு தானே உருண்டு மணியாக நிற்கும். அதைத் தட்டினால் நடு புடைத்த வில்லை நேராகவே வந்துவிடும். ஓரத்தை மெலியவைக்கும் வேலை மிச்சம். சோதனைக்குச் செய்த மணிகள் தட்டும்போது ஓரத்தில் வெடித்தன. அதிகம் தட்டிவிட்டு ஒரே முறையாகக் காய்ச்சாமல், கொஞ்சம் தட்டிக் கொஞ்சம் காய்ச்சிப் பார்க்க வேண்டும். மேலச்சின் நீளத்தை 75 மி.மீ.யிலிருந்து 100 மி.மீ.க்குக் கூட்ட வேண்டும்; இப்போது சுத்தியலுக்கும் என் விரலுக்கும் இடையே இருக்கும் தூரம் போதாது.

இந்த அச்சுகளுக்கு எண்ணெய் பூசித் துணி சுற்றி வைத்துவிட்டேன். அடுத்து வெட்ட நினைப்பது அமர்ந்த புலியும் இரட்டை மீனும் வில்லும் உள்ள சோழர் காசு. மீனுக்கும் வில்லுக்கும் கையில் இருக்கும் பிறைகள் போதும். புலியின் முதுகு வளைவை இந்த ஆறு குத்துளிகளாலும் கொண்டுவர முடியவில்லை. களிமண்ணில் ஒற்றிப் பார்த்துவிட்டேன். அதற்கென்று 6 மி.மீ. நீண்ட வளைவு ஒன்றை அராவ வேண்டும், அதற்கு 8 மி.மீ. கம்பி வாங்க வேண்டும்.